குற்றவாளி யார்?

வீட்டிலே ஒரு பொருள் பழுதாகிவிட்டால், பழுது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னரே, பழுதாக்கியவர் யார் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். இது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். அவ்விசாரணையிலே பெரும்பாலும் அகப்படுகிறவர் அவ்வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளைதான். அண்மையில் எமது மாணவர் ஒருவரின் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது.

அம்மாணவர் உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயில்பவர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவருடைய அன்னையார், ஒருவர் பாவித்த கணினியொன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டாண்டு காலம் ஒழுங்காக உழைத்த அக்கணினி, ஒருநாள் திடீரென்று நீலத் திரையைக் காட்டி நின்றது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று. நாளொன்றுக்கு நான்கைந்து தடவை தானாகவே அணைவதும் எழுவதுமாக இருந்தது.

“சேர், சின்னவன்தான் கண்ட கண்ட விளையாட்டுகளையெல்லாம் ஏற்றி இதைப் பழுதாக்கிப்போட்டான்” என்றார் அன்னையார். ஒன்பதாம் வகுப்பிலே படிக்கும் அச்சிறுவன் ஒன்றும் பேசாது வாசற்கதவைப் பிடித்தவண்ணம் நின்றான். கணினியைத் தொடலாகாது என்று அவனுக்குத் தடை விதிக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கடையொன்றில் காட்டியபோதோ, பார்த்த மாத்திரத்திலே, “மதர்போட் போய்விட்டது, மாற்றுவதற்கு அரை இலட்சம் ரூபாவரை செல்லும்” என்று கூறிவிட்டார்களாம்.

நாமும் இவ்விசாரணையில் பிழை விட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வைரஸ்தான் காரணம் என்று எண்ணி, வின்டோஸ் முறைமையை இரண்டு தடவை அழித்து மீள நிறுவினோம். நோய் தணியவில்லை, முன்னிலும் கூடியது.

நிற்க. அன்றிரவு ஆறுதலாக இருந்து சிந்தித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அன்னையார், கடைக்காரர், நாம் ஆகிய மூவரும் மூன்று தீர்ப்புகள் வழங்கியிருந்தோம். ஒருவராவது சாட்சியம் கேட்கவில்லை! மறுநாள் தொடக்கம் இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரமே மாற்ற வேண்டும். நிகழ்ந்ததை உடனுக்குடன் கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு பாகங்களை ஒருங்கே மாற்றினால், கணினி குணமானாலும் எதனாற் குணமாயிற்று என்பது விளங்காமற் போய்விடும்.

கொப்பி ஒரு வாரத்திலேயே பேசத் தொடங்கிற்று. கனத்த வேலையின்போது மட்டும் கணினி நின்றால் வெப்பத்தையோ மின்வலுவையோ ஐயுறலாம். குறித்த ஒரு செயலியைத் திறக்கும்போது மட்டும் நின்றால் அச்செயலியை ஐயுறலாம். இங்கோ, கட்டுரை தட்டச்சுச் செய்கையிலும் நின்றது. ஒரு வேலையுமின்றிச் சும்மா கிடக்கையிலும் நின்றது. நீலத் திரையிலே தோன்றிய காரணமும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருந்தது.

முதற் கேள்வி, குற்றம் மென்பொருளிலா, வன்பொருளிலா என்பது. இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. உபுண்டு என்னும் இலவச முறைமையைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல், அதிலிருந்தே கணினியை இயக்கலாம். அப்பொழுது வின்டோசுக்கும், விளையாட்டுகளுக்கும், வைரஸுக்கும் அங்கே வேலையில்லை. அவ்வாறு இயக்கினோம். நாற்பது நிமிடத்திற் கணினி மீண்டும் உறைந்து நின்றது. ஆகவே சின்னவன் ஏற்றிய விளையாட்டுகள் குற்றமற்றவை என்பது அக்கணமே உறுதியாயிற்று.

அடுத்து வன்பொருளை ஆராய்ந்தோம். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். விசிறியிற் படிந்திருந்த தூசியை அகற்றினோம். வெப்பநிலை 55 பாகையளவிலேயே நின்றது, வெப்பமும் காரணமன்று. அயலவர் யாவரும் “கரண்டுதான் காரணம்” என்றனர். 2022 ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட நம் நாட்டவர்க்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. எமது வீட்டுக் கணினியிலிருந்த பவர் சப்ளையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பொருத்தினோம். பயனில்லை.

எஞ்சியிருந்தவற்றுள் முதலில் சோதிக்கத்தக்கது, றாம் எனப்படும் நினைவகம். மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் செயலியை இரவு முழுவதும் ஓடவிட்டோம். இச்செயலி நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எண்களை எழுதி, மீள வாசித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒரு வழுவேனும் காணப்படலாகாது. விடியற்காலையிற் பார்த்தபோது திரை நிறையச் சிவப்பு வரிகள்!

அப்பொழுதும் நாம் தீர்ப்பு வழங்கவில்லை. இருந்த இரண்டு தகடுகளையும், ஒரே துளையில், தனித்தனியே பொருத்திச் சோதித்தோம். ஒன்று பிழையின்றித் தேறியது, மற்றையது தவறியது. தவறியதை அடுத்த துளைக்கு மாற்றியபோதும் தவறியது. ஆகவே பழுது துளையிலன்று, தகட்டிலேதான். மாற்ற வேண்டுமென்று கடையிலே சொல்லப்பட்ட மதர்போட்டில் ஒரு குறையுமில்லை.

ஒரு சிறு தகடு இத்தனை வேடம் போடுவது எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். கணினி செய்யும் எவ்வேலையும் நினைவகத்தினூடாகவே செல்கிறது. அங்கே ஓர் எண் மாறினால், அது எவ்வேலைக்குரிய எண்ணோ அவ்வேலை கெடும். 2003 ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியத் தேர்தலிலே, பிரசல்ஸ் நகரைச் சார்ந்த ஸ்கார்பேக் என்னும் பகுதியில், ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே இயலாத அளவு வாக்குகள் காட்டப்பட்டன. மீள எண்ணியபோது மிகுதியாக இருந்தவை சரியாக 4,096. அஃது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்திலே ஒரேயொரு பூச்சியம் ஒன்றாக மாறியமையே காரணம் என்று கருதப்பட்டது. அது கணநேர மாற்றம். பழுதான தகட்டிலோ இத்தகைய மாற்றம் ஓயாது நிகழும். நாம் இருமுறை நிறுவிய வின்டோசும் அத்தகட்டினூடாகச் சென்றே வன்தட்டிற் பதிந்தது. நோய் கூடியதன் காரணம் இப்பொழுது புரிகிறதன்றோ?

இதிலிருந்து மேலும் இரண்டு பாடங்கள் கற்றோம். இத்தகைய குழப்பம் கண்டவுடன் முக்கியமான கோப்புகளைப் பிறிதோரிடத்திற் பிரதி செய்ய வேண்டும். ஆனால் பழைய பிரதியை அழித்து அதன்மேல் எழுதலாகாது. புதிய பிரதியே பிழைபட்டிருக்கக்கூடும். இரண்டாவது, செலவில்லாத சோதனையை முதலிலே செய்தல் வேண்டும். நினைவகச் சோதனையை முதல்நாளே செய்திருப்போமாயின் பவர் சப்ளையைச் சுமந்து திரிந்திருக்க மாட்டோம்.

பழுதான தகட்டை நீக்கி, வின்டோசை மூன்றாம் முறையாக நிறுவினோம். எஞ்சிய ஒரு தகட்டுடன் கணினி சற்று மெதுவாக, ஆனால் மூன்று வாரமாக ஒருமுறையேனும் நில்லாமல் இயங்குகிறது. மற்றைத் தகட்டை அடுத்த சீட்டு விழும்போது வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அன்னையார்.

பழுது பிடிபட்ட அன்று மாலை, அவர் சின்னவனைக் கூப்பிட்டு, கணினியின் முன் கதிரையை இழுத்துவிட்டு, “நீயே முதலில் போட்டுப் பார், ராசா” என்றார். அவன் தமையனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆளியை அழுத்தினான்.

கணினிக்குப் புதுத் தகடு கடையிலே கிடைக்கும். பிள்ளையின்மேல் சுமத்திய பழியைத் துடைப்பதற்கு அவ்வாறான கடை கிடையாது. எனவே, வாசகர்களே, சோதனை முந்தட்டும், தீர்ப்புப் பிந்தட்டும்.