நாலு உள்ளங்கை இடம்

அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருக்கிறான். அகலமான டயர், தரையை ஒட்டிய உடம்பு, மிதித்தால் பறக்கிற இன்ஜின். ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறான். ஆனால், அது ஓடப்போவது ரேஸில் இல்லை. தினமும் திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு ஆபீஸ் போகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், “மாமா, நாலு டயரும் தேஞ்சுபோச்சு. எல்லா சீசனுக்கும் தாங்குற ஆல் வெதர் டயர் போடலாம்னு இருக்கேன்” என்றான்.

“மாப்ள, நம்ம ஊர்ல என்னென்ன சீசன் இருக்கு, சொல்லு?”

சிரித்துவிட்டான். வெயில், கடும் வெயில், அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. அவ்வளவுதானே!

ஆல் வெதர் டயர் என்பது பனி கொட்டுகிற நாடுகளுக்காக வந்தது. குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அதனால், குளிரிலும் இளகியிருக்கும் ரப்பரில் இதைச் செய்கிறார்கள். மூன்று சிகரம் உள்ள மலையும் நடுவில் பனிப்பூவும் பக்கவாட்டில் முத்திரையாக இருக்கும். அந்த இளகிய ரப்பரை நம் சித்திரை வெயில் ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேயும். கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்தான். எப்போதாவது ஒரு நாள் மலையேற அந்த டயர் தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கிற சாதாரண டயரே வெயிலுக்கும் மழைக்குமானதுதான்.

“அப்ப எதைப் பார்த்து வாங்கறது மாமா?”

முதலில் அளவு. அவன் டயரில் 195/55 R16 87V என்று இருந்தது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவிகிதம். 16 என்பது அங்குலத்தில் ரிம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். V என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கம்பெனி சொன்ன அளவே போதும். அழகுக்காகப் பெரிய ரிம் போட்டால் பக்கச்சுவர் மெலிந்துவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கினாலே டயர் புடைத்துக்கொள்ளும். டயர் அகலமாக ஆக, மழைத் தண்ணீரில் மிதக்கிற ஆபத்தும் கூடும்.

அடுத்து வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1524 என்றால் 2024-ம் ஆண்டின் 15-வது வாரத்தில் செய்தது. ஆஃபர் என்று தருகிற டயரில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

மூன்றாவது, காற்று. ‘வெயில் காலம், கொஞ்சம் குறைச்சே அடிங்க’ என்று நம்மில் பலர் சொல்வோம். அது தப்பு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி, இன்னும் சூடேறும், வெடிப்பது அப்போதுதான். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே பார்த்து அடிக்க வேண்டும்.

நான்காவது, பட்டன். பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. மழைக் காலம் வருகிறதென்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

எல்லாம் கேட்டுவிட்டு, “நாலும் வாங்க இப்ப காசு பத்தாது மாமா. முன்னாடி மட்டும் ரெண்டு புதுசு போட்டுக்கறேன்” என்றான்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். சில வருஷங்களுக்கு முன், இதே கணக்குப் போட்டு நானும் முன்னால் இரண்டு புது டயர் மாட்டினேன். ஐப்பசியின் முதல் மழை. தூசியும் ஆயிலும் ஊறி ரோடு வழுக்கிக்கொண்டு இருந்தது. கொடைரோடு தாண்டி ஒரு வளைவு. முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. தேய்ந்த பின்பக்கம் பிடிக்கவில்லை. வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. பின் சீட்டில் அம்மாவும் என் மனைவியும். பின்னால் வந்த லாரி தள்ளி வந்ததால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கலாம், அவ்வளவுதான். இரண்டுதான் வாங்க முடியுமென்றால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டும்.

எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை இடம்தான். அந்த நாலு உள்ளங்கையில்தான் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மியூசிக் சிஸ்டத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கறேன் மாமா. நாலும் மாத்திடறேன்” என்றான்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியின் டயரையும் இன்றைக்கு ஒரு தடவை குனிந்து பாருங்களேன்!