பழைய காரும் பிள்ளைகளின் பாதுகாப்பும்



"அக்காலத்துக் கார்கள் இரும்பு, இக்காலத்துக் கார்களோ வெறும் தகர டப்பா" என்னும் பேச்சு நம் இல்லங்களில் அடிக்கடி காதில் விழுகின்றது. பாட்டனார் வாங்கிய அம்பாசிடரைத் துணி போர்த்திப் பேணிவரும் வீடுகளில் இப்பேச்சு சற்று உரக்கவே ஒலிக்கும். பெருநாளன்று குடும்பம் முழுவதையும் ஏற்றிச் சென்ற வண்டியின் மீது பற்றிருப்பதில் குற்றமில்லை. ஆயினும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லுமுன் இப்பேச்சை உரசிப் பார்த்துவிடுவது நலம்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் ஒன்று, 2009ஆம் ஆண்டில் தனது 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி இதனைச் சோதித்தே பார்த்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர், 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு ஆகிய இரு கார்களையும், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோ மீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டனர். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஓட்டுநர் இருக்கைகளில் மனிதப் பொம்மைகள் இருந்தன.

பழைய காரின் உட்பகுதி நசுங்கி, ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுநர் பொம்மையை நோக்கி வந்துவிட்டது. மனிதராயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றே ஆய்வாளர் கருதினர். புதிய காரின் ஓட்டுநருக்கோ காலில் சிறு காயம் மட்டுமே நேர்ந்திருக்குமாம்!

காரணம் எளிது. புதிய காரின் முகப்பு, நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. மோதலின் வேகத்தை அது விழுங்கிக்கொள்ள, மனிதர் அமரும் கூடு குலையாமல் நிற்கின்றது. முகப்பு அப்பளமாய் நொறுங்கியதைக் கண்டு "என்ன வண்டி இது!" என்று இகழ்கின்றோமே, அந்த நொறுங்கல்தான் உயிர் காக்கின்றது. வார்ப்பட்டையும் காற்றுப்பையும் எஞ்சிய பணியைச் செய்கின்றன.

நம் அம்பாசிடரும் அந்தப் பழைய தலைமுறையைச் சேர்ந்ததே. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது. முதியோர் சிரமமின்றி ஏறி அமரலாம். எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் பழுது நீக்கிவிடுவார். இந்தச் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. ஆனால் காற்றுப்பை அதற்கு வாய்க்கவேயில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. முன் இருக்கையில் மடியில் குழந்தையுடன் அமர்வது நம்மிடையே வெகு சாதாரணம். 50 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் கார், நொடியில் பத்திலொரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கரத்துக்கு அது இயலும்? காற்றுப்பையுள்ள புதிய காரிலும் முன் இருக்கை குழந்தைக்கு ஆகாது. விரியும் பையே அதனைத் தாக்கிவிடும். பின் இருக்கையில், அதற்குரிய குழந்தை இருக்கையில் பிணைத்தே அமர்த்த வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கூறும் நபிமொழி திர்மிதியில் உள்ளது. வார்ப்பட்டை அந்தக் கயிறு போன்றதே.

அதற்காக வட்டிக் கடன் வாங்கிப் புதுக் கார் எடுக்கச் சொல்லவில்லை. ஹராமில் விழுந்து வசதி தேட வேண்டியதில்லை. கையிலுள்ள தொகைக்குச் சில ஆண்டுகள் ஓடிய காரே போதும். வாங்குமுன் வார்ப்பட்டையைச் சட்டென இழுத்துப் பாருங்கள். அது பூட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், அணையாமல் நின்றாலும், அந்த வண்டியை விட்டு வேறொன்றைப் பாருங்கள்.