பழைய சைக்கிளும் பாட்டாளியின் பாதையும்

பழைய சைக்கிளைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவரைக் கண்டால் சிலருக்கு இளக்காரம். மோட்டார் சைக்கிள் வாங்க வக்கில்லாதவன் என்று ஏசுகிறார்கள். இந்தப் பேச்சு உழைப்பாளி வீட்டுக்குள்ளேயும் புகுந்துவிட்டது. தவணைக்கும் பெட்ரோலுக்கும் கூலியைக் கொட்டிவிட்டு, மாதக் கடைசியில் திண்டாடும் குடும்பங்கள் எத்தனை! ஆகவே இதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

இடையஞ்சாவடியைப் பாருங்கள். சுற்றிலும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி. வடக்கே மரக்காணம் உப்பளப் பக்கம் போனாலோ, இரும்பைத் தின்னும் உப்புக் காற்று. கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்த மண்ணில் ஏற்ற வண்டி எது? தடித்த டயரும் நேரான ஹாண்டில்பாரும் கொண்ட மலை சைக்கிள்தான். இருபது, முப்பது வருஷத்துக்கு முந்திய இத்தகைய வண்டிகள் காயலான் கடைகளில் இரும்பு விலைக்குக் கிடப்பதுண்டு.

மலை சைக்கிள் எங்கே பிறந்தது? பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலா? இல்லை! 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் மலைப்பக்கத்து இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, பழுதுபார்த்து, சரிவுகளில் ஓட்டினார்கள். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் வண்டி ஓடும். அதனால் அந்தப் பாதைக்கே ‘மறுபடி அடை’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது. பழைய பிரேம்கள் தாங்காமல் போகவே, ஜோ பிரீஸ் என்பவர் 1977-78ல் இதற்கென்றே புதுப் பிரேம் செய்தார். 1981ல்தான் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்தது கைத்திறன். மூலதனம் பின்னால் வந்து லாபத்தை அள்ளியது.

பின்பு நடந்தது என்ன? 26 அங்குலச் சக்கரத்தை ஓரங்கட்டிவிட்டு 27.5, 29 அங்குலம் என்று கம்பெனிகள் மாற்றின. பழையதைப் பழசாக்கினால்தானே புதியது விற்கும்! நல்ல வேளையாக, நம் ஊர்க் கடைகளில் 26 அங்குல டயரும் ட்யூபும் இன்னும் கிடைக்கின்றன. பழைய வண்டிக்கு அதுவே உயிர்.

அதை எழுப்ப என்ன வேண்டும்? முதலில் பிரேமைப் பார்க்க வேண்டும். ஹாண்டில் கழுத்தருகிலும் பெடல் அச்சருகிலும் விரிசல் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். ஹப்பையும் பெடல் அச்சையும் கழற்றி, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் வைத்துக் கோனை அளவாக முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் பால்ஸ் அரைபடும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். நீண்டுபோன செயினை விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். பிரேக் கட்டையிலும் கம்பியிலும் சிக்கனம் கூடாது; அது உயிர் விஷயம். உப்புக் காற்றில் ஓடும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். இவ்வளவையும் ஒரு ஸ்பானர் செட்டை வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே செய்யலாம்.

சைக்கிளின் சக்தி அற்பமானதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திருந்த நிலை தகர்ந்தது.

இப்படிப்பட்ட வாகனத்தை நாட்டின் ஆட்சி எப்படி நடத்துகிறது? 1951ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் சைக்கிள் கம்பெனியின் கடைசித் தொழிற்சாலை, 2020 ஜூன் 3ந் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, சாகிபாபாத்தில் உற்பத்தியை நிறுத்தியது. நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். 2017லிருந்து சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் 12 சதவீத ஜி.எஸ்.டி.யை வசூலித்தார்கள், 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாயிற்று. ஏழையின் கால்களுக்கு அந்த ஐந்துதான் எதற்கு? கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். காருக்கு வேகம் கிடைக்கிறது. சைக்கிள்காரர் ஓரத்து மணலில் இறங்கி நிற்கிறார். தமிழக அரசு மாணவ, மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. அது நல்ல காரியமே. ஆனால் அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது யார்?

எனவே நாம் கோருகிறோம்: சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் வரி அடியோடு நீங்க வேண்டும். அகலப்படுத்தும் ஒவ்வொரு சாலையிலும் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும். சைக்கிள் கொடுக்கும் பள்ளியிலேயே பழுதுபார்க்கும் கருவிகளும் பயிற்சியும் வேண்டும்.

சர்க்கார் கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தோழர்களே! ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு ஸ்பானர் செட், ஒரு காற்றுப் பம்பு, ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும், கைத்தொழில் அறிந்த மூத்த தோழர்கள் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்கட்டும். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்கள் சாலைக்கு வரட்டும். அவற்றில் ஏறி, சாலையில் நமக்குரிய இடத்தைக் கேட்கத் தாலுகா ஆபீசுக்கு ஒன்றாகப் போவோம்!