சீட்டில் எடையும் இருக்கட்டும்

காய்ச்சலில் துவளும் குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது "என்ன வயது?" என்று கேட்பதே நம் வழக்கம். ஆனால் இரண்டு வயதில் ஒரு குழந்தை 9 கிலோ இருக்கும், இன்னொன்று 13 கிலோ இருக்கும். மருந்தின் கணக்கு எடையோடுதான்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு, ஒரு வேளைக்கு, 15 மி.கி. வரை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இதுவரை எளிது; சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மி.லி.யில் 100 மி.கி. அதே 150 மி.கி.க்கு முதல் சிரப்பில் 6 மி.லி. வேண்டும், இரண்டாவதில் 3 போதும், சொட்டு மருந்தில் ஒன்றரை. பாட்டில் மாறினால் மருந்து நான்கு மடங்காகலாம், கால் பங்காகவும் சுருங்கலாம். குறைந்தால் காய்ச்சல் இறங்காது. மிகுந்தால் கல்லீரலுக்குக் கேடு.

இதில் யாரையும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. வாசலில் கூட்டம் நிற்கும்போது மருத்துவர் "ஒரு ஸ்பூன், மூன்று வேளை" என்று எழுதிவிடுகிறார். எழுதிய சிரப் இல்லையென்றால் இருப்பதை எடுத்துத் தரும் கடைக்காரருக்கும் குழந்தைக்கு உதவும் எண்ணம்தான். ஒரு நாள் கூலியை இழக்க முடியாத பெற்றோர் போன மாத மருந்தின் மிச்சத்தைத் தேடுவதும் புரிகிறது. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவரும் விட்ட இடத்தில் பிழை நுழைகிறது.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. மருந்துச் சீட்டின் தலையில் குழந்தையின் எடையும், மருந்தின் பெயரோடு மி.கி., மி.லி. இரண்டும் இருக்கட்டும். வேறு பாட்டில் தர நேர்ந்தால் மருந்தாளுநர் மருத்துவரிடம் கேட்டு, அளவு மூடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தரலாம். (அந்த மூடியை முதல் நாளே தொலைக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.) சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை, மூடி தொலைந்தால் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளலாம். எடை பார்க்க அங்கன்வாடியில் தராசு இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவர் கேட்க மறந்தாலும், "குழந்தை பதினோரு கிலோ, டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.