சாவு வீட்டுப் பாட்டைத் திருட்டு என்பவருக்கு

சினிமா மெட்டில் சொந்த வரிகளைப் போட்டுப் பாடும் கானாக்காரர்கள் திருடர்கள் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் படைக்கிறார்களாம், வடசென்னைக்காரர்கள் காப்பி அடிக்கிறார்களாம். ஜாஸின் வரலாற்றைப் படிக்காமல், கானாவைக் காதுகொடுத்துக் கேட்காமல் எழுதிய அரைவேக்காட்டு வாதம் இது.

ஜாஸ்காரர்கள் இன்றும் வாசிக்கும் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்', 1944-இல் வந்த 'தி அன்இன்வைட்டட்' என்ற பேய்ப்படத்துக்கு விக்டர் யங் போட்ட இசை. அதற்கு வரிகளே பிறகுதான் எழுதினார்கள். 'ஆன் கிரீன் டால்ஃபின் ஸ்ட்ரீட்' 1947-ஆம் ஆண்டுப் படத்தின் மெட்டு. அதை 1958-இல் மைல்ஸ் டேவிஸ் கையில் எடுத்தார். அந்தப் படத்தை இன்று யார் பார்க்கிறார்கள்? ஜாஸ்காரர் சார்லி பார்க்கரோ 'செரோக்கி' பாட்டின் கார்டு என்னும் சுரக்கூட்டுகளின் வரிசையை எடுத்து, அதன்மேல் வேறு மெட்டே கட்டி, 1945-இல் 'கோ கோ' என்று பதிவு செய்தார். அவரைத் திருடன் என்பாரா இவர்? அவர் செய்தால் மேதைமை, நம் பையன் செய்தால் திருட்டு. இது ரசனை அல்ல, சாதிப் புத்தி.

வடசென்னைப் பக்கம் வள்ளூரிலோ எண்ணூரிலோ சாவு வீட்டில் மரண கானா பாடும் இரவுக்கு வந்து பாருங்கள். டோலக் ஒரு பக்கம். புல்புல்தாராவின் கட்டைகளை இடது கை அழுத்த, வலது கை கம்பியை மீட்டுகிறது. எல்லோருக்கும் தெரிந்த பழைய படப்பாட்டு மெட்டுதான். ஆனால் வரியில் செத்தவர் பேர் வருகிறது. அவர் வலை வீசிய ஆறு, அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டி அந்த ஆறு கெட்டது, அவர் வைத்துவிட்டுப் போன கடன், எல்லாம் வருகிறது. மெட்டுக்குள் வார்த்தை அடங்காவிட்டால் பாடகர் தாளத்தை நிறுத்தி இழுக்கிறார், டோலக்காரர் காத்திருந்து சேர்ந்துகொள்கிறார். பார்க்கர் கார்டை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றினார்; கானாப் பாடகர் மெட்டை வைத்துக்கொண்டு வாழ்க்கையை மாற்றி எழுதுகிறார். இதில் எது காப்பி?

நம் ஊரிலேயே, 'கொஞ்சும் சலங்கை' படம் 1962-இல் வந்த பிறகு, நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தைப் போன இடமெல்லாம் அந்தப் படத்தின் 'சிங்காரவேலனே' பாட்டை வாசிக்கச் சொன்னார்கள். இன்றும் கல்யாண நாகஸ்வரத்தில் அதைக் கேட்கிறோம். படப்பாட்டு படத்தைத் தாண்டி வாழ்வது நமக்குப் புதிதல்ல. நாகஸ்வரத்துக்குக் கொடுக்கும் மரியாதையைப் புல்புல்தாராவுக்கும் கொடுங்கள்.

கட்டுரையாளரே, அடுத்து எழுதும் முன் ஓர் இரவு விடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். திருட்டு என்ற வார்த்தையை இப்போதே திரும்பப் பெறுங்கள்.