தகப்பனை இழந்த பிள்ளைக்கு 250 ரூபாயா?

நகரியில் விசைத்தறி ஓட்டியவரும், ஸ்ரீசிட்டி ஆலையில் உழைத்தவரும், திருப்பதியில் ஆட்டோ ஓட்டியவரும் ஒரே நாளில் இறந்தால், அவர்தம் பிள்ளைகளின் பசி ஒன்றாகவே இருக்கும். அரசு தரும் பதில் மட்டும் ஒன்றாக இராது.

ஆலைத் தொழிலாளி வருங்கால வைப்புநிதியில் சேர்க்கப்பட்டிருந்தால், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி அவர் பிள்ளைக்கு மாதம் குறைந்தபட்சம் 250 ரூபாய் உண்டு. தாயும் இல்லையெனில் 750. அதுவும் ஒரே சமயத்தில் இரு பிள்ளைகளுக்கே. 2014இல் நிர்ணயித்த தொகை இது. நாளொன்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம்!

அந்த நிதியில் சேராத நெசவாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அதுவும் இல்லை. கணவரை இழந்த பெண்ணுக்கு ஆந்திர அரசு 2024 சூலை முதல் 4,000 ரூபாய் தருகிறது. பிள்ளை ஒன்றாயினும் நான்காயினும் அதே தொகைதான். 2021இல் கொரோனாவுக்குப் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த குழந்தைக்கு 10 லட்சம் வைப்புத்தொகை அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் சித்தூர்க் கல்குவாரியில் பாறை சரிந்தோ காசநோயாலோ பெற்றோரை இழந்த பிள்ளை செய்த பிழை என்ன?

நார்வேயைப் பாருங்கள். அந்நாட்டில் வாழ்வோர் பொதுவாக அனைவரும் தேசியக் காப்பீட்டின் உறுப்பினர்கள். 2024 முதல், தாய் தந்தையரில் ஒருவரை இழந்த பிள்ளைக்கு 20 வயதுவரை ஆண்டுதோறும் ஓர் ‘அடிப்படைத் தொகை’. இருவரையும் இழந்தால் அதன் இரண்டேகால் மடங்கு. அத்தொகை ஆண்டுதோறும் மே மாதத்தில் திருத்தப்படுகிறது. நம் 250 ரூபாயோ 2014இலேயே உறைந்துவிட்டது.

“அவர்களிடம் எண்ணெய் வளம் இருக்கிறது” என்பார்கள். நார்வேயின் தேசியக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது 1967இல். எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது 1969இல். அது சோசலிச நாடும் அன்று. வலுவான தொழிற்சங்க இயக்கம் முதலாளித்துவ அரசிடம் போராடிப் பெற்றதே அந்த ஏற்பாடு.

இத்தகைய தொகைகளை ‘உதவி’, ‘நிவாரணம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மொழிபெயர்ப்பில் நானும் அவ்வாறு எழுதியவனே. இனி ‘உரிமை’ என்றே எழுதுவோம். இறப்பின் காரணம் கேளாமல், வேலையின் வகை பாராமல், பெற்றோரை இழந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் விலைவாசியோடு உயரும் ஓய்வூதியம் வேண்டும். நகரியிலும் சத்தியவேட்டிலும் திருப்பதியிலும் நம் கிளைகள் அத்தகைய பிள்ளைகளின் பட்டியலை வீடுவீடாகத் திரட்டட்டும். அப்பட்டியலோடு ஆட்சியர் அலுவலக வாயிலில் நிற்போம்.