அம்மோனியா தொட்டி: கோடைக்கு முன் சோதனை தேவை



2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து, சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மண்டிச் சரக்கைக் காக்கும் பெரிய குளிர்கிடங்குகள் பலவற்றிலும் குளிரூட்ட ஓடுவது அதே அம்மோனியாதான்.

திரவ அம்மோனியா தேங்கும் ரிசீவர் தொட்டியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் தொட்டியே தாங்காது. மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் சிக்கினாலும் குழாய் வெடிக்கும். தொட்டிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். சேஃப்டி வால்வின் குழாய் தெருப்பக்கம் திறக்காமல் கூரைக்கு மேலே போக வேண்டும்.

அம்மோனியா அமைப்பில் தேங்கும் ஆயிலை வடிக்கும் வேலைதான் எனக்குப் பெரிய கவலை. அதை ஒற்றை ஆளிடம் விடுவது கொடுமை. கையெடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். கேஸ் மாஸ்க்கை மெஷின் அறைக்குள் பூட்டி வைத்து என்ன பயன்? வாசலுக்கு வெளியே மாட்டுங்கள்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் தீயணைப்புத் துறையும் கோடைக்கு முன்பே குளிர்கிடங்குகளைச் சோதிக்க வேண்டும். கசிந்தால் காற்றின் போக்குக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும் என்பதை, சுமை தூக்கும் தொழிலாளர்களையும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் அழைத்து ஒத்திகை நடத்திச் சொல்லித்தர வேண்டும்.

– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2